துணி கூடாத ஹோட்டல்

பிப். 9, திங்கள்

காலையில் மூடுபனி. எதிர்க் கட்டிடமே காணோம். துபாய் அல் குசைஸ் வீட்டிலிருந்து புறப்பட நேரமாகிவிட்டது. மாப்பிள்ளை செல்வின் வழி முழுக்கக் கார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். ராஸ் அல் கைமா தாண்டியதும் வெயில், மணல், தூரத்தில் மொட்டை மலை. ஒரு மரம் கிடையாது. இதைப் பார்க்கக் காசு கொடுத்து வருகிறார்கள்.

பெட்டியில்: நைட்டி மூன்று, பாவாடை இரண்டு, பிரஷர் மாத்திரை, பைபிள், வாசிக்கிற கண்ணாடி, துண்டு (அவர்களே தருவார்களாம், நம்பிக்கை இல்லை), முறுக்கு ஒரு பொட்டலம் (ஜெனிக்குத் தெரியாது).

ஜெனி நான் பெற்ற மகள். நர்ஸ். ஆஸ்பத்திரியில் குலுக்கலில் பரிசு விழுந்ததாம், ஹோட்டலில் மூன்று இரவு தங்கி ஓய்வெடுக்க, பெண்களுக்கு மட்டும். "எனக்கு லீவு கிடையாதும்மா. நோன்பு தொடங்கினா ஹோட்டல பாதி மூடிருவாங்க. நீங்க போயிட்டு வாங்க." பேத்தி ஏஞ்சலைப் பார்த்துக்கொள்ளத்தான் நாகர்கோவிலிலிருந்து விசா எடுத்து வரச்சொன்னாள். பிள்ளையைப் பார்க்க வந்தவளை இப்போது ஓய்வெடுக்க அனுப்புகிறாள். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் கணக்கு நடத்தியவளுக்கு இந்தக் கணக்கு இடிக்கிறது.

என்னை வீட்டை விட்டு வெளியே வைக்கப் பார்க்கிறார்கள். சும்மா சொல்லவில்லை. எ.கா.:

நான் அடுக்களைக்குள் போனால் இருவரும் பேச்சை நிறுத்துகிறார்கள்.

குளியலறையில் பூட்டிக்கொண்டால் ஜெனி வெளியே வர யுகமாகிறது.

குக்கரை மேல் தட்டிலிருந்து நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும், துணியும் நான்தான் கொடியில் போட வேண்டும். சோம்பல். இப்படி வளர்க்கவில்லை.

போன வாரம் நடைவழியில் சுவரைப் பார்த்து நின்று, முகத்தைச் சுளித்துக்கொண்டு, விரல்களைப் பல்லி மாதிரி மேலே மேலே நகர்த்திக்கொண்டிருந்தாள். என்ன பிள்ளே என்றேன். "எறும்பு எங்க போகுதுன்னு பாத்தேன்மா." அந்த வீட்டில் எறும்பே கிடையாது. அவ்வளவு மருந்து அடிக்கிறார்கள்.

ஆக: ஒன்று, நான் பாரம். அல்லது புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஏதோ சரியில்லை. இரண்டில் எது என்று தெரியாமல் நான் இங்கே நிம்மதியாக இருக்க வேண்டுமாம். வெப்ராளம், எரிச்சல்.

மாப்பிள்ளையை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆண் காற்றுகூட உள்ளே வரக் கூடாது. பெட்டியை இறக்கிக் கொடுத்தவர், "அத்தை, நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். வாசலிலேயே என் ஃபோன் கேமராவில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அப்போதே சந்தேகம் வந்தது.

வரவேற்பில் எல்லோரும் கிசுகிசுப்பாகப் பேசுகிறார்கள், பக்கத்து அறையில் சவம் கிடப்பது போல. தண்ணீர் கேட்டேன். வெள்ளரிக்காய் மிதந்து வந்தது.

என்னைக் கவனிக்க ஒரு பெண்ணை விட்டிருக்கிறார்கள். ரஜனி, மன்னார்ப் பிள்ளை. "அம்மா தமிழோ? அப்பாடா, எத்தினை நாளாச்சு!" அந்த முகத்துக்காக ஒரு நிமிடம் ஹோட்டலை மன்னித்தேன். அடுத்த நிமிடம் அவள் விதியைச் சொன்னாள்.

"உள்ளுக்கு உடுப்பு இல்லை அம்மா."

"வெளியே வாங்கிக்கிட்டு வரணுமா?"

"அய்யோ இல்லை. போடுறேல்லை. குளம், ஆவி அறை, உப்பறை, அங்கையெல்லாம் சும்மாதான் திரிவினம்."

"சும்மான்னா?"

"சும்மாதான் அம்மா."

இவர்கள் நாட்டில் ரோட்டில் முட்டி தெரிந்தால் முறைக்கிறார்கள். இந்த மதிலுக்குள் கட்டாய அம்மணம். வெளிநாட்டு முதலாளி, வெளிநாட்டு வழக்கம், உள்ளே பெண்கள் மட்டும் என்பதால் யாரும் கேட்பதில்லையாம். ரஜனியும் மற்ற வேலைக்காரப் பெண்களும் கழுத்து வரை யூனிஃபார்ம். காசு கொடுத்தவர்கள் துணியில்லாமல், சம்பளம் வாங்குகிறவர்கள் துணியோடு. இதையும் குறித்து வைக்கிறேன்.

ஜெனிக்கு ஃபோன் போட்டேன். "இது என்ன இடம்னு தெரிஞ்சுதான் அனுப்பினியா?" "தெரியும்மா. இஷ்டமில்லேன்னா ரூம்லயே இருங்க. சாப்புட்டு தூங்குங்க. திரும்பி மட்டும் வந்துராதீங்க." கடைசி வார்த்தையைக் கவனித்தேன்.

அறையில் குளித்தேன். கதவைத் தாழிட்டு, பாவாடையை நெஞ்சுக்கு மேல் கட்டிக்கொண்டு, தனியாக. எனக்கு வேறு விதமாகக் குளிக்கத் தெரியாது.


பிப். 10, செவ்வாய்

பனி இல்லை. நல்ல குளிர்காற்று. முழங்கால் வலி.

காலை உணவு "மௌனத்தில்". பேசக் கூடாதாம். என் வகுப்பில் பேசாமல் இருக்க நான் பிள்ளைகளிடம் காசு வாங்கியதில்லை. தட்டில் என்னென்னவோ விதை. கிளிக்கு வைப்பது. சாப்பாட்டு அறையில் மட்டும் அங்கி கட்டாயம். சாப்பாட்டைப் பார்த்தால் அந்த மரியாதை தேவையில்லை. அறைக்கு வந்து முறுக்கு.

உப்பறையைத் துணியோடு, கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சுவரெல்லாம் உப்புக்கல், நடுவில் இளஞ்சிவப்பு விளக்கு, கீழே வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். எ.கா.: கருவாடு. எங்கள் கடற்கரையில் இதைப் பார்க்க யாரும் டிக்கெட் எடுப்பதில்லை.

களிமண் அறை: ஒருத்தி மேலெல்லாம் சேறு பூசிக்கொண்டு கண்ணை மூடி இருக்கிறாள். எருமையும் இதைச் செய்கிறது, பணிவாக.

பதினோரு மணிக்குக் கிண்ணத்தைத் தட்டுகிறார்கள். ஊய்ங்ங் என்று ஒரு சத்தம். எல்லோரும் பெருமூச்சு விடுகிறார்கள். பள்ளிக்கூட மணி இதைவிட உபயோகம்.

விடுதியில் இருப்பவர்கள் எல்லா நாடும். கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டே நடந்ததால் எனக்குத் தெரிந்தது கால்கள் மட்டும். பாதங்களை வைத்துச் சொன்னால், பணக்காரர்களுக்கும் பித்தவெடிப்பு வருகிறது.

இன்றைய கூத்து. முழங்காலுக்கு வெந்நீர்க் குளம் நல்லது என்று ரஜனி விடவில்லை. சரி, நம் வழியில் இறங்குவோம் என்று பாவாடையை நெஞ்சுக்கு மேல் இறுக்கிக் கட்டிக்கொண்டு போனேன். பிறந்ததிலிருந்து இப்படித்தான், வாய்க்காலானாலும் கிணற்றடியானாலும். ஒரு படி, இரண்டு படி, இடுப்பளவு. அவ்வளவுதான். அடியிலிருந்து காற்று புகுந்து பாவாடை குடை மாதிரி எழும்பி, தண்ணீருக்கு மேல் வட்டமாக நின்றது. அமுக்கினால் இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் எழும்புகிறது. கீழே நடப்பது ஊருக்கே தெரிகிறது. மூடிக்கொண்டு வந்தவள்தான் குளத்தில் எல்லோரும் பார்க்கிற ஒரே ஆள்.

ரஜனி கரையிலிருந்து ஓடிவந்தாள். "அம்மா, அது இஞ்ச ஏலாது, சாயம் போகும், கழட்டிப்போட்டு இறங்குங்கோ!"

"நான் ஏறிப்போறேன், நீ அந்தப் பக்கம் திரும்பு பிள்ளே!"

"நான் எத்தினை பேரைப் பாத்தனான் அம்மா!"

"என்னைப் பாக்கலியே!"

குளத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரி சத்தமாகச் சிரித்தாள். நிமிர்ந்து முறைத்தேன். அப்போதுதான் பார்த்தேன். ஒரு பக்கம் மார்பு இல்லை. அந்த இடத்தில் குறுக்காக ஒரு கோடு, தைத்த சாக்கு மாதிரி. என் வயது இருக்கும். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, மேற்பார்வைக்கு வந்த அதிகாரி போல நிற்கிறாள். கர்த்தரே. இருப்பதை மூடுவது ஒரு பக்கம் இருக்கட்டும், இல்லாததையாவது மூடலாமே.

மத்தியானம் சாப்பாட்டில் அதே ஆள் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். அங்கியோடு, நல்லவேளை. பெயர் உர்சுலா, ஜெர்மனி. பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். இங்கிலீஷில்தான் பேசினோம், எனக்கு அது போதிய அளவு வரும். என் வாயைப் பார்த்துக்கொண்டே பேசுகிறாள். "கீழே வலது கடைவாய்ப் பல்லைக் கவனிக்கவும்" என்றாள், வணக்கம் சொல்வதற்கு முன்பே. உங்கள் துணி மிக அழகாக மிதந்தது என்றாள். நன்றி என்றேன், ஐஸ் போல. அதற்கும் சிரிக்கிறாள்.

கூட்டத்தில் எல்லோரும் உர்சுலாவைப் பார்த்து "எவ்வளவு தைரியம்" என்கிறார்கள். துணி போடாததற்கு இவ்வளவு பாராட்டு. எ.கா.: என் வகுப்பில் வீட்டுப்பாடம் செய்யாமல் வந்துவிட்டு "நான் மறைக்கல டீச்சர்" என்று பெருமைப்பட்டவர்கள்.

மாலை ஏஞ்சல் ஃபோனில். ஆறு வயது. பாதி இங்கிலீஷ், பாதி தமிழ்.

"பாட்டி, ஸ்விம்மிங் பூல் இருக்கா?"

"இருக்கு மக்ளே. மம்மி எங்க?"

"ரூம்ல. டோர் லாக்டு. டாடி சொன்னாங்க டோன்ட் டிஸ்டர்ப்."

"மம்மிக்கு டூட்டி இல்லியா?"

"மம்மி டூட்டி போகலியே. பாட்டி, மம்மி என்னைத் தூக்கவே மாட்டேங்கறா. ஹக் கூட இந்த சைடு மட்டும்தான். அந்த சைடு நாட் அலவ்டு."

செல்வின் ஃபோனை வாங்கிவிட்டார். "ஒண்ணுமில்ல அத்தை, சின்னப் பிள்ள ஏதோ பேசுது. நீங்க சாப்பிட்டாச்சா?"

லீவே கிடையாது என்றவள் டூட்டிக்குப் போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறாள். அடிக்கிறாரா? செல்வினா? கரப்பான்பூச்சியைக்கூட காகிதத்தில் எடுத்து வெளியே விடுகிற மனிதர். ஆனால் யாரை நம்புவது. அந்தப் பக்கம் ஏன் தொடக் கூடாது?

ஜெபம் ஓடவில்லை.


பிப். 11, புதன்

வெயில். முழங்கால் தேவலை. (குளம்தான் காரணம் என்று ரஜனியிடம் சொல்லப் போவதில்லை.)

காலையில் ஜெனிக்கு மூன்று தடவை ஃபோன் அடித்தேன், எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு பூ அனுப்பினாள். பூவைக் கேட்டேனா.

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

பதினொன்றரை இருக்கும். கிண்ணம் தட்டுகிற கூட்டத்துக்குத் தப்பி ஆவி அறைப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன், உள்ளே பாவாடை, மேலே அங்கி. ஆவி அறைக்குக் கண்ணாடிக் கதவு. உள்ளே உர்சுலா மட்டும். சுவரைப் பார்த்து நிற்கிறாள். கையை நீட்டி, ஓட்டின் மேல் விரல்களை வைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக மேலே நகர்த்துகிறாள். பைய. ஓரிடத்தில் நிற்கிறாள், முகம் சுளிக்கிறாள், இன்னும் கொஞ்சம் ஏற்றுகிறாள். பிறகு இறக்கி, மறுபடியும் கீழேயிருந்து.

பல்லி மாதிரி.

நான் நின்றுவிட்டேன். போன வாரம் வீட்டில் ஜெனி நடைவழியில் நின்றது அப்படியே. அந்த முகச்சுளிப்பு கூட. இந்தப் பெண்மணிக்கும் எறும்பா?

கதவைத் தள்ளினேன். ரஜனி எங்கிருந்தோ வந்து பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, பாவாடையோட உள்ளுக்குப் போகேலாது. மானேஜர் என்னைத்தான் பேசுவா."

"ஒரு கேள்வி கேட்டுட்டு வந்துருதேன்."

"அவ வெளியால வந்தாப் பிறகு கேளுங்கோவன்."

"இப்பவே கேக்கணும் பிள்ளே."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். வழியை விடவும் இல்லை, பிடியை இறுக்கவும் இல்லை. சட்டம் சட்டம்தான், நானும் அப்படி ஒரு டீச்சர்தான். அங்கியை அவளிடம் கொடுத்தேன். நாடாவில் முடிச்சு நனைந்து இறுகிப்போயிருந்தது. நகத்தால் பிரித்தேன். பாவாடையையும் கொடுத்தேன், விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டைக் கொடுப்பது போல. ரஜனி இந்தத் தடவை சொல்லாமலே அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

உள்ளே ஒரே புகை. உர்சுலா திரும்பிப் பார்த்து, நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தாள்.

சுவரில் என்ன செய்கிறீர்கள் என்றேன்.

சாதாரணமாகச் சொன்னாள். மார்பில் புற்றுநோய். வெட்டும்போது அக்குளிலும் வெட்டுவார்கள். பிறகு கை மேலே வராது. தினமும் விரலால் சுவர் ஏற வேண்டும், ஏறாவிட்டால் கை அப்படியே நின்றுபோகும். தனக்குப் பழைய கதை, ஆனால் விட்டால் மறுபடி இறுகுகிறது, சூட்டில் ஏறினால் சுலபம்.

"தொடக்கத்தில் எது எது முடியாமல் இருந்தது?"

"மேல் அலமாரி எட்டாது. துணி காயப்போட முடியாது. கனமான எதையும் தூக்கக் கூடாது. கதிர்வீச்சு கொடுத்தபோது அந்தப் பக்கம் யாரும் தொட முடியாது, தோல் வெந்துபோகும்."

ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் ஒவ்வொன்றுக்கும் மனசுக்குள் டிக் போட்டேன். விடைத்தாளில் எல்லாமே சரி.

உர்சுலா என் மார்பை நேராகப் பார்த்தாள், பல்லைப் பார்த்தது போல. "உங்களுக்கா?"

"என் மகளுக்கு."

"அவள் எப்போது உங்களிடம் சொன்னாள்?"

"சொல்லவில்லை. இப்போது நீங்கள் சொன்னீர்கள்."

முதல் தடவையாக அவள் சிரிக்கவில்லை. தன் துண்டை எடுத்து என் தோளில் போட்டாள். எனக்கு மேலே ஒன்றுமில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

வெளியே ரஜனி அங்கியைப் பிரித்துப் பிடித்தாள். "என்னம்மா, அழுறீங்களோ?"

"ஆவி பிள்ளே. வேர்வை."

"ஓம் அம்மா, வேர்வைதான்" என்றாள், கெட்டிக்காரி.

செல்வினுக்கு ஃபோன்.

"மாப்பிள, இப்ப வந்து என்னைக் கூட்டிட்டுப் போங்க."

"நாளைக்குத்தானே அத்தை..."

"ஜெனிக்குச் சொல்லாதீங்க. சொன்னீங்கன்னா நான் டாக்சி பிடிச்சு வருவேன்."

"தெரிஞ்சு போச்சா அத்தை?"

"வாங்க."

காரில் ஏறினேன். ஷார்ஜா நெரிசலில் நின்றபோது அவரே சொன்னார், ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு. "அவதான் சத்தியம் வாங்கிட்டா. அம்மாவுக்கு பிரஷர் இருக்கு, ஊர்ல தனியா இருக்காங்க, கேட்டா தாங்க மாட்டாங்கன்னு." நேற்று இந்த மனிதரைச் சந்தேகப்பட்டேன். அதைச் சொல்லவில்லை. முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினேன். இரண்டு எடுத்துக்கொண்டார்.

வீடு. ஏஞ்சல் பள்ளிக்கூட வண்டியில் இன்னும் வரவில்லை. செல்வின் சாவி போட்டுத் திறந்தார், என்னை முன்னே விட்டுவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டார். படுக்கையறைக் கதவைத் தட்டாமல் திறந்தேன்.

ஃபேன் முழு வேகத்தில். ஜெனி கட்டிலில், இடுப்புக்கு மேலே ஒன்றுமில்லாமல், இடது கையைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு. என்னைக் கண்டதும் போர்வையை இழுத்தாள், அது பட்டதும் 'ஸ்' என்று கத்தினாள்.

"பாக்காதீங்கம்மா! வெளிய போங்க!"

"இரி மக்ளே. மூணு நாளா அம்மணக் கூட்டத்துக்குள்ள கெடந்துட்டு வாறேன். உன்னப் பாக்க எனக்கு என்ன."

சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள், குலுங்கினால் வலிக்கும் என்பதால் அசையாமல். போர்வையை நான்தான் எடுத்துத் தள்ளிவைத்தேன்.

பார்த்தேன். பெரிய மனுஷியானதிலிருந்து நான் பார்க்காத உடம்பு. தழும்பு சின்னதுதான், மார்பும் முக்கால்வாசி இருக்கிறது. ஆனால் அக்குள் வரை தோல் கறுத்து, சிவந்து, உரிந்து. எ.கா.

எ.கா. வரவில்லை.

பிறகு பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன், அவள் சொன்னாள். நான் வருவதற்கு முன்பே ஆபரேஷன். சீக்கிரமே கண்டுபிடித்ததால் ஊசி மருந்து வேண்டாம் என்றுவிட்டார்கள், அதனால்தான் முடி கொட்டவில்லை. டூட்டி டூட்டி என்று தினமும் போனது கதிர்வீச்சுக்கு. அது முடிந்துவிட்டது. முடிந்த பிறகுதான் தோல் மோசமானது.

"சொல்றதுக்குத்தாம்மா உங்கள வரச்சொன்னேன். ஏர்போர்ட்ல ரெண்டு கையிலயும் பலாப்பழச் சிப்ஸோட நின்னீங்க. சொல்ல வரல."

"குலுக்கல்ல விழுந்த ஹோட்டல்?"

"குலுக்கலும் இல்ல ஒண்ணும் இல்ல. வார்டுல எல்லாரும் சேந்து எனக்குத்தான் எடுத்துக் குடுத்தாங்க. அங்க துணி இல்லாம காத்தாட இருக்கலாம், உன்ன மாதிரி நிறையப் பேரு வருவாங்க, போயிட்டு வான்னு. எனக்கு அத்தன பேரு முன்னால நிக்க தைரியம் இல்லம்மா."

"அதுக்கு என்னை அனுப்பினியா?"

"இங்க நைட்டிகூட போட முடியல. உங்க முன்னால கழட்டவும் முடியல. நீங்க போனா நான் வீட்ல இப்படிக் கெடக்கலாம்னு..."

மோசக்காரி. தான் வீட்டில் துணியில்லாமல் படுப்பதற்காகப் பெற்றவளைத் துணியில்லாத ஊருக்கு அனுப்பியிருக்கிறாள். திட்டினேன், நன்றாகத் திட்டினேன். திட்டிக்கொண்டே மருந்து போட்டேன். எங்கே தொடலாம், எங்கே கூடாது என்று அவள் சொல்லச் சொல்ல.


பிப். 12, வியாழன்

மறுபடி மூடுபனி. கொடியில் துணி போடவில்லை, காயாது.

செல்வினிடம்: விசா நீட்டிக்க வேண்டும், பருத்தித் துணி பழையதாக வேண்டும், ஜெனி மருந்து இன்னொரு குழாய்.

அடுத்த ஸ்கேன் சில மாதம் கழித்து. அதுவரை ஒன்றும் சொல்ல மாட்டார்களாம். நர்ஸ் ஆயிற்றே, உனக்கென்ன தோணுது என்றேன். "நான் இப்ப நர்ஸ் இல்லம்மா, பேஷண்ட். பேஷண்டுக்கு ஒண்ணும் தெரியாது." சரி.

காலை வெந்நீர் வைத்து, வலது பக்கம் மட்டும் துடைத்துவிட்டேன். அவள் கூசினாள். எனக்கும் கூச்சம்தான். ஃபேனைப் பற்றிப் பேசினோம், தூசியாக இருக்கிறது என்று.

ஹோட்டலிலிருந்து ஒருத்தி ஃபோன், கிசுகிசுப்பாக. ஒரு நாள் முன்பே போய்விட்டீர்களே, அனுபவம் எப்படி, பத்துக்கு எத்தனை மார்க் என்று. என்னிடம் மார்க் கேட்கிறார்கள். வெள்ளரித் தண்ணீருக்கு முட்டை. கிண்ணத்துக்கு முட்டை. விதைச் சாப்பாட்டுக்கு முட்டை, அதுவாவது இருந்தால் தின்றிருப்பேன். ரஜனிக்குப் பத்துக்குப் பத்து, எழுதிக்கொள்ளுங்கள், ஸ்பெல்லிங் சொல்கிறேன் என்றேன். ஆவி அறை எப்படி என்றாள். ஓடு நன்றாக இருந்தது என்றேன்.

உர்சுலாவுக்கு நன்றி சொல்லாமல் வந்துவிட்டேன். கடைவாய்ப் பல் இன்று காலையிலிருந்து உண்மையாகவே வலிக்கிறது. அவளுடைய வேலை.

மாலை, நடைவழி. ஜெனியைச் சுவரைப் பார்க்க நிறுத்தினேன், மேலே செல்வினின் பழைய சட்டை, பொத்தான் போடாமல். நானும் பக்கத்தில். ஏஞ்சல் நடுவில் வந்து நுழைந்துகொண்டாள். "வாட் கேம் இஸ் திஸ்?" சுவர் ஏறும் போட்டி என்றேன். மூன்று கைகள். ஏஞ்சல் குதித்து ஏமாற்றுகிறாள். ஜெனியின் விரல்கள் தன் காது உயரத்தில் நின்றன. முகம் சுளித்தாள். இன்னும் ஒன்று என்றேன். நகர்த்தினாள். அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டேன், பக்கத்தில் தேதி.

"அம்மா! வாடகை வீடு! சுவத்துல கிறுக்கினா ஓனர் கத்துவான்."

"ஓனரை வரச்சொல்லு. நான் பேசிக்கிடுதேன். எறங்கி மறுபடி ஏறு."

"வலிக்கும்மா."

"வலிக்கட்டும். எறும்பு எங்க போகுதுன்னு பாரு."

ஏறினாள். முதல் கோட்டுக்கு ஒரு விரல் கீழேதான் வந்தது. அதற்கும் கோடு. பென்சில் மழுங்கிவிட்டது, சீவ வேண்டும்.